கன்வெர்ட்டர் முழுசாக உட்காராமல் பெல் ஹவுசிங்கை இறுக்கியாச்சு, இனி என்ன செய்வது?

நாலாங்கியர்:

வணக்கம். பின்சக்கரத்தில் ஓடும் பழைய டொயோட்டா, ஐசின் ஏ340 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ரீபில்ட் ஆகி வந்த கியர்பாக்ஸை மச்சானும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து மாட்டியிருக்கிறார்கள். நான் வந்து பார்க்கும்போது பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் இஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) போல்ட்டெல்லாம் இறுக்கி, ஸ்டார்ட்டரையும் ஏற்றி முடித்துவிட்டார்கள். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுப் பார்த்தும் அதே டக்.

கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான பிடியைப் போட்டுத் திருப்பினால் இஞ்சின் அசைகிறது, ஆனால் அநியாயத்துக்குக் கனம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்பினாலும் மாற்றமில்லை. கியர்பாக்ஸ் இறக்குவதற்கு முன் இதே இஞ்சின் லேசாகச் சுற்றியது.

மச்சானிடம் விசாரித்தேன். “கடைசியில் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி நின்றது, போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினோம், வந்து ஒட்டிக்கொண்டது” என்கிறார், ஏதோ சாதனை மாதிரி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்தான் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். கழற்றித் திரும்ப மாட்டினால் போதுமா, இல்லை கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் போயிருக்குமா?

எண்ணெய்க்கை:

முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். இனி யாரும் சாவியைத் தொடக்கூடாது.

நீங்கள் நினைத்தது சரிதான். கன்வெர்ட்டர் மூன்று இடத்தில் கோத்துக்கொள்ள வேண்டும். உள்ளே எண்ணெய் விசையில் சுற்றும் டர்பைனின் ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய பல்வரிசை), கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில். அடுத்தது எண்ணெயைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரின் ஸ்பிளைன், அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் குழாயில். மூன்றாவது, கன்வெர்ட்டர் ஹப்பின் (நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்) நுனியில் இருக்கும் வெட்டு, பம்ப் கியரின் காதுகளில் (துருத்தி நிற்கும் முனைகள்). முதல் இரண்டும் கொஞ்சம் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். பம்ப் கியர்தான் அடம்பிடிக்கும். அது கோக்காமலே இறுக்கினால் ஹப்பின் விளிம்பு போய்ப் பம்ப் கியரை நேராகக் குத்தும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கன்வெர்ட்டரை பிளக்ஸ் பிளேட்டோடு (கிராங்கின் பின்முனையில் இருக்கும் மெல்லிய தகடு) சேர்க்கும் ஆறு போல்ட்டும் போட்டாகிவிட்டதா? கீழே உள்ள தகட்டைக் கழற்றிப் பார்த்தால் கன்வெர்ட்டருக்கும் பிளக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா?

வழிப்போக்கன்:

இதற்குப் போய் இவ்வளவு பதற்றம் வேண்டாம். நானும் பார்த்திருக்கிறேன். பெல் ஹவுசிங் போல்ட்டை எல்லாம் நாலு சுற்று தளர்த்துங்கள், பிறகு கிராங்கைத் திருப்புங்கள். பிளக்ஸ் பிளேட் கன்வெர்ட்டரை உரசிச் சுற்றும்போது வெட்டும் காதும் நேருக்கு நேர் வந்ததும் ‘தொப்’பென்று உள்ளே போய்விடும். திரும்ப இறுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். கியர்பாக்ஸை இறக்கவே தேவையில்லை.

பழைய ஸ்பேனர்:

வழிப்போக்கன் சொன்ன மாதிரி உள்ளே விழுந்துவிடுவதும் உண்டுதான். அதுதான் இதில் இருப்பதிலேயே மோசமான முடிவு. விழுவதற்கு முன்னால் அந்தக் காது எவ்வளவு தேய்ந்தது, அடியில் விரிசல் விட்டதா என்று பார்க்க வழியே இல்லாமல் போய்விடும். வண்டி ஓடும். கொஞ்ச நாளில் பம்ப் கியர் உடைந்து, எந்த கியரிலும் நகராமல் நடுரோட்டில் நிற்கும். அந்தத் துண்டுகள் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடி வரைக்கும் போயிருக்கும்.

எவ்வளவு விசை போயிருக்கும் என்று ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு எம்12 போல்ட்டை 64 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அது இழுக்கும் விசை ஏறக்குறைய 26 கிலோநியூட்டன். அதாவது ஒரே போல்ட்டு இரண்டரை டன்னுக்கு மேல் இழுக்கிறது. அப்படி எத்தனை போல்ட்டு! அவ்வளவும் பெல் ஹவுசிங் முகத்தில் இறங்கியிருந்தால் கவலையில்லை. முகம் ஒட்டுவதற்கு முன்னால் கன்வெர்ட்டர் குறுக்கே நின்றதால், அதில் ஒரு பங்கு ஒரு பக்கம் பம்ப் கியரிலும் மறுபக்கம் பிளக்ஸ் பிளேட் வழியாக கிராங்கிலும் ஏறியிருக்கிறது. கிராங்கை முன்னுக்குத் தள்ளி, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இஞ்சின் கனமாகச் சுற்றுவது அதனால்தான்.

நல்ல வேளை, ‘டக்’கோடு நின்றது. ஸ்டார்ட்டர் வலுவாக இருந்து இஞ்சின் பிடித்திருந்தால் இப்போது பேச்சே வேறு.

நாலாங்கியர்:

கீழ்த் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு போல்ட்டும் இன்னும் போடவில்லை. கன்வெர்ட்டரின் மறைத் திட்டுகள் (போல்ட்டு ஏறும் இடங்கள்) பிளக்ஸ் பிளேட்டில் அப்படியே அழுந்தி நிற்கின்றன. இடைவெளி அளக்கும் மிக மெல்லிய ஃபீலர் கேஜ் தகடுகூட நுழையவில்லை. கன்வெர்ட்டரைக் கையால் சுற்ற முடியவில்லை.

இறக்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. இறக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

எண்ணெய்க்கை:

இருக்கிறது. இப்போது அந்த முகம் ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு நிற்கிறது. ஒரு போல்ட்டை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கடைசியாக மிஞ்சும் போல்ட்டில் மொத்த பாரமும் ஏறி, மறை பிய்ந்துவிடும், இல்லாவிட்டால் பெல் ஹவுசிங்கின் காது விரியும். குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று, திரும்பவும் ஒரு சுற்று என்று எல்லாம் தளர்ந்த பிறகு கழற்றுங்கள். அதற்கு முன்னாலேயே ஜாக்கி கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, மேலே கை நுழையாத இடத்தில் வயரிங் கட்டு எதுவும் முகங்களுக்கு நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. இரண்டு முகத்தையும் நேராகப் பொருத்தும் டவல் பின் இரண்டும் இஞ்சின் பக்கம் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அவை இல்லாமல் மாட்டினால் கியர்பாக்ஸ் மயிரிழை விலகி உட்காரும், பம்ப் புஷ்ஷும் சீலும் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். அதற்கு யாரும் டவல் பின்னைக் குறை சொல்லமாட்டார்கள், சீல் கம்பெனியைத்தான் திட்டுவார்கள்.

கராஜ்வாசி:

குறுக்கே ஒரு சந்தேகம். மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்து கன்வெர்ட்டரை உட்காரவைத்திருப்பார்கள் இல்லையா? அப்புறம் எப்படி வெளியே வந்தது?

பழைய ஸ்பேனர்:

மேசையில் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஜாக்கியில் ஏற்றி வண்டிக்கு அடியில் தள்ளும்போது கியர்பாக்ஸின் மூக்கு கொஞ்சம் கீழே சாய்ந்துவிடும். கன்வெர்ட்டரைப் பிடித்து வைக்க அங்கே எதுவுமில்லை. தன் கனத்திலேயே அரை அங்குலம் முன்னால் நழுவும், பம்ப் காதிலிருந்து விலகும். திரும்ப நிமிர்த்தும்போது ஹப் லேசாகச் சுற்றியிருக்கும், வெட்டும் காதும் நேராக இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அதனால் ஏற்றும் வரைக்கும் பெல் ஹவுசிங் முகத்தின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை இரண்டு போல்ட்டால் மாட்டி வையுங்கள். இஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கடைசி நேரத்தில் கழற்றினால் போதும்.

வழிப்போக்கன்:

பட்டை, கிட்டை எல்லாம் பெரிய பட்டறைக்காரர்கள் பேச்சு. கையால் ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் ஆயிற்று.

பழைய ஸ்பேனர்:

மச்சானும் கூட்டாளியும் அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

நாலாங்கியர்:

இறக்கியாச்சு. கன்வெர்ட்டரை உருவி எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஹப்பின் விளிம்பில், வெட்டுக்குப் பக்கத்தில், அரை வட்டமாக இரண்டு இடத்தில் உலோகம் பளபளவென்று நசுங்கியிருக்கிறது. விரலை வைத்தால் பிசிறு தட்டுகிறது. சீலின் உதடு ஒரு பக்கம் கிழிந்து உள்ளே மடிந்திருக்கிறது. பம்ப் கியரின் காது இரண்டும் வெளியிலிருந்தே தெரிகின்றன, உடைந்த மாதிரி இல்லை. ஒன்றின் முனை மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது.

டவல் பின் இரண்டும் இருக்கின்றன. வயர் எதுவும் நசுங்கவில்லை.

வழிப்போக்கன்:

பார்த்தீர்களா, காது உடையவில்லை. பிசிறை அரத்தால் வழித்துவிட்டு, புது சீல் அடித்து மாட்டுங்கள்.

எண்ணெய்க்கை:

நான் சீலோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். ஹப் குத்தியது கியரின் முகத்தில். கியர் அதற்குப் பின்னால் இருக்கும் பம்ப் உடலில் போய் அழுந்தியிருக்கும். பம்ப் உடல் அலுமினியமா வார்ப்பிரும்பா என்பதைப் பொறுத்துக் கீறலின் ஆழம் மாறும். எப்படியும் கியருக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது. அது கெட்டால் சூடான எண்ணெய் அதன் வழியே கசியும், லைன் பிரஷர் (கியர்பாக்ஸ் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தம்) விழும், கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸ் ஏற்கெனவே கீழேதான் கிடக்கிறது. பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்:

ஆமோதிக்கிறேன். ஏ340-இல் பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும். அதை எடுத்த பிறகு பம்ப் போல்ட்டுகளைக் கழற்றி, இழுவையால் நேராக இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பவேண்டாம். பம்ப்புக்குப் பின்னால் ஒரு ரேஸும் பேரிங்கும் ஒட்டிக்கொண்டு வரலாம், எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

பம்ப்பைத் திறப்பதற்கு முன் இரண்டு கியரிலும் மேல் பக்கம் எது என்று மார்க்கரால் அடையாளம் போடுங்கள். கூர்மையான எதனாலும் கீறி அடையாளம் போடக்கூடாது. அப்புறம் நேரான பட்டையை மேலே வைத்து ஃபீலர் கேஜால் அளவெடுங்கள். இந்தக் குடும்பத்து பம்ப்புக்கு டொயோட்டா மேனுவல் தரும் அளவுகள்: கியர் முகத்துக்கும் பட்டைக்கும் நடுவில் 0.02 முதல் 0.05 மி.மீ., அதிகபட்சம் 0.1. வெளிக் கியருக்கும் உடலுக்கும் நடுவில் 0.07 முதல் 0.15, அதிகபட்சம் 0.3. பல் முனையில் 0.11 முதல் 0.14, அதிகபட்சம் 0.3. உங்கள் வண்டியின் மேனுவலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காதின் அடிப்பகுதியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். எண்ணெய் போகக் கழுவி, உலர்த்தி, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு மேலே வரும்.

அப்படியே இஞ்சின் பக்கமும் ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் கருவி) வைத்துவிடுங்கள். கிராங்கை நெம்பி முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கராஜ்வாசி:

பம்ப் துகள் கியர்பாக்ஸுக்குள் போயிருக்காதா? மொத்தமாகப் பிரிக்க வேண்டுமா?

எண்ணெய்க்கை:

தேவையில்லை. இஞ்சின் பிடிக்கவே இல்லையே. பம்ப் சுற்றாமல் எண்ணெய் நகராது, எண்ணெய் நகராமல் துகள் எங்கே போகும்? விழுந்தது பம்ப் வாயிலும் பெல் ஹவுசிங் உள்ளேயும்தான் கிடக்கும். துடைத்தெடுத்தால் போதும்.

ஆனால் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் வேறு கதை. பழைய கியர்பாக்ஸ் எதனால் செத்ததோ அந்தக் கசடு ரேடியேட்டரில் உள்ள கூலரிலும் குழாய்களிலும் இன்னும் இருக்கிறது. அதை அலசாமல் ரீபில்ட் ஆன கியர்பாக்ஸை ஓட்டினால் பழைய கிளட்ச் தூள் நேராகப் புது கியர்பாக்ஸுக்குத்தான் வரும். அதை யாராவது செய்தார்களா என்று மச்சானிடம் கேளுங்கள்.

நாலாங்கியர்:

கேட்டேன். “கூலரா?” என்றார். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

பம்ப்பைப் பிரித்துவிட்டேன். முக இடைவெளியில் 0.1 கேஜ் தாராளமாகப் போகிறது, 0.13-உம் பிடிவாதமாக நுழைகிறது. கியருக்கு அடியில் உடலில் பிறை வடிவத்தில் ஒரு கீறல், நகம் மாட்டுகிறது. சாயம் அடித்ததில் மழுங்கிய காதின் அடியில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது, கியரின் உள் விட்டத்தை நோக்கிப் போகிறது. மற்றக் காது சுத்தம்.

கிராங்க் ஆட்டம் 0.15 மி.மீ. அளவில் வருகிறது. மேனுவல் எல்லைக்குள்தான் இருக்கிறது. தள்ளினால் வழுவழுவென்று போகிறது, இப்போது இஞ்சினும் லேசாகச் சுற்றுகிறது.

வழிப்போக்கன்:

சரி, அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகு நான் வாதாட வரவில்லை. பம்ப்பை மாற்றுங்கள். கன்வெர்ட்டராவது பழசு போதும் என்பேன்.

பழைய ஸ்பேனர்:

கன்வெர்ட்டர் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம் கொஞ்சம் வருகிறேன். ஹப் நுனியில் வெறும் பிசிறு மட்டும் என்றால் மெல்லிய எண்ணெய்க் கல்லால் வழிக்கலாம். ஆனால் சீலும் புஷ்ஷும் தொடும் வழுவழுப்பான பகுதியில் நகம் மாட்டும் கீறல் இருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். அரத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் கன்வெர்ட்டரை பிளக்ஸ் பிளேட்டில் தற்காலிகமாக மாட்டி, டயல் கேஜை ஹப்பில் வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். ஆட்டம் 0.30 மி.மீ.-ஐத் தாண்டினால் ஒரு வேளை மாட்டிய கோணம் காரணமாக இருக்கலாம், அடுத்த துளைக்கு மாற்றி மாட்டிப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் சரியாகவில்லை என்றால் கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டும். பிளக்ஸ் பிளேட்டுக்குத் தனியாக 0.20 எல்லை. உங்கள் பிளேட் நெளிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, துளைகளைச் சுற்றி விரிசலும் பாருங்கள்.

நாலாங்கியர்:

பிளக்ஸ் பிளேட் 0.35 காட்டியது, மாற்றிவிட்டேன். புதுப் பிளேட்டில் மாட்டிப் பார்த்ததில் ஹப் 0.20-க்குள் நின்றது. வழுவழுப்பான பகுதியில் கீறல் இல்லை, அதனால் கன்வெர்ட்டர் அதேதான். பம்ப் முழு செட்டாக வந்துவிட்டது, புஷ், சீல், ஓ-ரிங் எல்லாம் புதுசு. கூலரையும் குழாய்களையும் அலசியாச்சு. முதலில் வெளியே வந்ததைப் பார்த்து மச்சான் வாயடைத்துப் போனார், கறுப்புச் சாந்து.

இனி உட்காரவைக்கும் வேலை. இந்த முறை நானே கை வைக்கிறேன். உட்கார்ந்துவிட்டது என்று எப்படி நிச்சயம் செய்துகொள்வது?

எண்ணெய்க்கை:

முதலில் கன்வெர்ட்டரைப் படுக்கவைத்து ஏறக்குறைய ஒரு லிட்டர் புது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றுங்கள். காலியாக மாட்டினால் முதல் ஸ்டார்ட்டில் பம்ப் கொஞ்ச நேரம் வறட்சியில் சுற்றும். ஹப்பிலும் சீல் உதட்டிலும் அதே எண்ணெயைத் தடவுங்கள். கிரீஸை அள்ளி அப்ப வேண்டாம்.

கியர்பாக்ஸை முடிந்தால் பெல் ஹவுசிங் மேலே பார்க்க நிறுத்துங்கள், கன்வெர்ட்டரின் கனமே உங்களுக்கு உதவி செய்யும். பம்ப் கியரின் காதுகள் கடிகார முள் மாதிரி எந்தத் திசையில் நிற்கின்றன என்று பார்த்து, ஹப்பின் வெட்டும் அதே இடத்தில் வருமாறு கன்வெர்ட்டரின் வெளி விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நேராக இறக்குங்கள், சாய்த்தால் சீல் போகும். இன்புட் ஷாஃப்டில் நுனி தொட்டதும் அழுத்தாதீர்கள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, கனத்தைக் கொஞ்சம் தூக்கின மாதிரி வைத்துக்கொண்டு இடமும் வலமும் சுற்றுங்கள். ஒரு தடவை இறங்கும். திரும்பவும் சுற்றினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். பலர் இங்கேதான் கையை எடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் இப்போதே அது நன்றாகச் சுற்றும், உட்கார்ந்த மாதிரியே இருக்கும். தொடர்ந்து மெதுவாகச் சுற்றுங்கள். கடைசியாக இறங்குவது மட்டும் ‘ணங்’ என்று கையில் தெரியும். அதற்குப் பிறகு சுற்றினால் பம்ப் கியரும் சேர்ந்து சுற்றுவதால் கொஞ்சம் பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும்.

சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பெல் ஹவுசிங் முகத்தின் குறுக்கே நேரான பட்டையை வைத்து, அங்கிருந்து கன்வெர்ட்டரின் மறைத் திட்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் அளந்து, மேனுவலில் உங்கள் மாடலுக்குச் சொன்ன எண்ணோடு பாருங்கள். சத்தம் பொய் சொல்லும், வெர்னியர் சொல்லாது.

பழைய ஸ்பேனர்:

அளந்த உடனே இரும்புப் பட்டையை மாட்டிவிடுங்கள்.

ஏற்றும்போது டவல் பின்கள் நுழைந்து, பெல் ஹவுசிங் முகம் கைத் தள்ளலிலேயே இஞ்சினோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையா, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். கோணம் தவறியிருக்கும், இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் நழுவியிருக்கும். பின்னால் இழுத்துக் காரணத்தைப் பாருங்கள். போல்ட்டு பிடித்து வைப்பதற்கு, இழுத்து மூடுவதற்கு இல்லை.

முகம் ஒட்டிய பிறகு, போல்ட்டை இறுக்குவதற்கு முன்னால், கீழே கையை விட்டு கன்வெர்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். பிளக்ஸ் பிளேட்டிலிருந்து பின்னால் தள்ளினால் இடைவெளியும் தெரிய வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் அது 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். பிறகு கன்வெர்ட்டரை முன்னுக்கு இழுத்து, ஆறு போல்ட்டையும் கையாலேயே முதலில் நுழையுங்கள். சில டொயோட்டாக்களில் அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும், அதுதான் மையம் பிடிக்கும் போல்ட்டு, அதை முதலில் போட வேண்டும். நீளம் அதிகமான வேறு போல்ட்டு எதையும் திருகிவிடாதீர்கள். அது கன்வெர்ட்டரின் முன் தகட்டைக் குத்தி மேடு எழுப்பும், டர்பைனை இஞ்சினோடு நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் அந்த மேட்டில் உரசியே செத்துப்போகும்.

நாலாங்கியர்:

முடிந்தது. முகம் கையாலேயே ஒட்டியது, ஒட்டிய சத்தமே வேறு மாதிரி இருந்தது. கன்வெர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் 4 மி.மீ. இடைவெளி. எல்லாம் மேனுவல் அளவில் இறுக்கினேன். இஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்தது. ஊளைச் சத்தம் எதுவுமில்லை. ரிவர்ஸும் டிரைவும் பிடிக்கின்றன.

ஒரே ஒரு குறை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இஞ்சின் கொஞ்சம் எகிறிவிட்டுப் பிடிக்கிறது. திரும்பவும் பம்ப்பா?

கராஜ்வாசி:

டிப்ஸ்டிக்கை எப்போது பார்த்தீர்கள்? வண்டி சூடாகி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை பி-யிலிருந்து எல் வரைக்கும் ஒவ்வொன்றாக நகர்த்தித் திரும்பப் பி-க்குக் கொண்டுவந்து பாருங்கள்.

எண்ணெய்க்கை:

ஆமாம், எண்ணெய் 70 முதல் 80 டிகிரியில் இருக்கும்போது ‘ஹாட்’ கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கூலர் காலியாகி இருந்ததால் முதல் ஓட்டத்தில் அளவு இறங்கியிருக்கும். அது சரியாக இருந்தால் அடுத்து த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் த்ராட்டில் கேபிள். ஆக்ஸிலரேட்டரை முழுசாக ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, கேபிள் உறையின் முனைக்கும் கேபிளில் உள்ள நிறுத்துக் குமிழுக்கும் நடுவில் 0 முதல் 1 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொளதொளவென்று இருந்தால் லைன் பிரஷர் குறைவாகவே வரும், நீங்கள் சொல்லும் எகிறல் அப்படியே வரும். அதோடு ஓட்டிக்கொண்டிருந்தால் புது கிளட்ச் கருகிவிடும், சரிசெய்யும் வரைக்கும் வெளியே எடுக்காதீர்கள்.

நாலாங்கியர்:

எண்ணெய் அரை லிட்டருக்கு மேல் குறைவு. ஊற்றினேன். கேபிளில் இடைவெளி ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது, நட்டைத் தளர்த்தி அரை மி.மீ.-க்குக் கொண்டுவந்தேன். இப்போது இரண்டு மூன்று மாறுவதே தெரியவில்லை. அந்தக் கேபிளை மாட்டியதும் மச்சான்தான், இப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

வழிப்போக்கன்:

மச்சானைக் கொஞ்சம் இந்தப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், நாங்களும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.